“விளங்கினதா?” என்றால் எல்லாரும் “ஓம் டீச்சர்” என்பார்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வகுப்பறைக்குள் போகப் போகிறேன், எப்படித் தயாராவது? 34 வருடம் இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே, கடற்கரையிலும் வயல் பக்கத்திலுமாகப் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி என்பதால் மற்றக் கடிதங்களை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வணக்கம் டீச்சர். கல்வியியற் கல்லூரியில் 2 வருடப் படிப்பு முடிந்து, அடுத்த மாதம் ஒரு வருடப் பயிற்சிக்குப் பாடசாலைக்குப் போகிறேன். கணிதம் என் பாடம். மாதிரிப் பாடங்கள் செய்தபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் உண்மையான 40 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதை நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை. ஒரு பிள்ளை கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியாமல் போனால்? முதல் கிழமைக்கு நான் எதைத் தயார்படுத்த வேண்டும்?
– வாசகி, தம்பலகாமம்

மகள், பாடப்புத்தகத்தை எடுங்கள். நீங்கள் படிப்பிக்கப் போகும் அலகில் உள்ள பயிற்சிக் கணக்குகள் அத்தனையையும் ஒரு கொப்பியில் நீங்களே செய்யுங்கள். மனதுக்குள் செய்தால் போதாது, ஒரு தரம் 6 பிள்ளை செய்வது போல வரி வரியாக எழுதிச் செய்யுங்கள். எந்த வரியில் பிள்ளை வழுக்கும் என்று தோன்றுகிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதையும் கட்டாயம் வாசியுங்கள், ஆனால் அந்தப் புள்ளிகளை உங்களுக்காக வேறு யாரும் வைத்துத் தர மாட்டார்கள்.

எனக்கு இது விளங்கியது பின்னங்களில். கடற்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 6. மூன்றில் ஒன்றா, நாலில் ஒன்றா பெரியது என்று கரும்பலகையில் வட்டம் வட்டமாகக் கீறி, நிறம் தீட்டி, அழகாக விளக்கினேன். “விளங்கினதா?” என்றேன். “ஓம் டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. பிறகு கொப்பிகளைத் திருத்தினால் பாதிப் பேருக்கு மேல் நாலில் ஒன்றுதான் பெரியது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, உண்மையைச் சொன்னால் அழுகையும் வந்தது. அடுத்த நாள் ஒரு பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏன் அப்படி எழுதினாய் என்று மெல்லக் கேட்டேன். “மூண்டை விட நாலு கூடத்தானே டீச்சர்” என்றான். அவன் சொன்னது நியாயம். முதலாம் தரத்திலிருந்து அவனுக்கு வேலை செய்த விதி அது, அதை எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்குக்கும் வந்திருக்கிறான். நான் கீறிய வட்டங்கள் அந்த விதியைத் தொடவே இல்லை.

“அப்பா தொழிலுக்குப் போய் வந்தால் மீனைப் பங்கு போடுவார்களா?” என்று கேட்டேன். போடுவார்கள் என்றான், வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று எனக்கே தெரியாததெல்லாம் சொன்னான். “அதே மீனை மூன்று பேர் பிரித்தால் அப்பாவுக்குக் கூட வருமா, நாலு பேர் பிரித்தால் கூட வருமா?” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான், பிறகு கொப்பியை இழுத்து, எழுதியதை அழிறப்பரால் தேய்த்தான் பாருங்கள், தாள் கிழிந்துவிட்டது. போய் இருந்து பக்கத்துப் பிள்ளைக்கு அவனே மீன் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அன்றோடு “விளங்கினதா?” என்று கேட்பதை விட்டேன். நீங்களும் முதல் நாளே விட்டுவிடுங்கள் மகள். அந்தக் கேள்விக்கு “இல்லை” என்று சொல்ல 40 பேருக்கு நடுவில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதற்குப் பதிலாக, விளங்காத பிள்ளை பிழையாகவே செய்யும்படியான ஒரு கேள்வியைத் தயார் பண்ணுங்கள். பாடக்குறிப்பு எழுத உட்காரும்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுத வேண்டும். மணி அடிக்க 5 நிமிடம் இருக்கும்போது இந்தக் கணக்கைப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: அதைச் செய்ய அவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முதல் என்ன, நேற்று எங்கே விட்டோம்.

இந்த ஒழுங்கு பிசகினால் என்ன ஆகும் என்பதைப் பவணந்தி முனிவர் 800 வருடங்களுக்கு முன்பே நன்னூலின் பாயிரத்தில் சொல்லிவிட்டார். ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று கழற்குடம். ஒரு குடத்துக்குள் கழற்சிக்காய் என்ற உருண்டை விதைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், போட்ட வரிசையில் வெளியே வராது, முந்தியது பிந்தும், பிந்தியது முந்தும். நன்றாகப் படித்த, பாடம் கரைத்துக் குடித்த ஆட்கள் கூட வகுப்பில் கழற்குடமாகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதே நூலில்தான் “கொள்வோன் கொள்வகை அறிந்து” என்ற தொடரும் வருகிறது. வாங்குகிறவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்பதைத் தெரிந்துகொண்டு கொடு என்கிறார். கல்லூரியில் படித்த உளவியல் குறிப்புகளை எல்லாம் இந்த மூன்று சொல்லுக்குக் கீழே அடுக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, முதல் கிழமைக்கு வருவோம். உங்கள் நேரசூசியில் பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு நடப்பது, வணக்கம், அறிவித்தல், யாரோ ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்கப் போவது எல்லாம் கழித்தால் 35 தான் மிச்சம். அந்த 35க்குத் திட்டமிடுங்கள். அதில் நீங்கள் தொடர்ந்து பேசுவது 12, 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், மிச்ச நேரம் பென்சில் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்.

பாடசாலைக்குப் போன முதல் நாளே, 1.30க்கு மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, உங்கள் வகுப்பறையில் அரை மணித்தியாலம் தனியாக இருங்கள். கரும்பலகையில் நாளைய பாடத்தை எழுதுங்கள். எழுதிவிட்டுக் கடைசி வாங்கில் போய் இருந்து வாசித்துப் பாருங்கள். எழுத்துச் சின்னதாக இருக்கும், வரி சாய்ந்திருக்கும், ஜன்னல் பக்கத்து மூலையில் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. அந்த மூலையில் முக்கியமானது எதையும் எழுதக்கூடாது என்று அப்போதுதான் தெரியவரும். இதை மாதிரிப் பாடத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஊர்க் காலநிலையையும் பாடக்குறிப்பில் சேர்க்கத்தான் வேண்டும். கார்த்திகை, மார்கழி மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது, கத்தாதீர்கள், குரல் போய்விடும். மழைக்கென்று எழுத்து வேலை ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில், இடைவேளைக்குப் பிந்திய பாடவேளைகளில், புது விஷயம் தொடங்காதீர்கள். பிள்ளைகளை எழுப்பிக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுச் செய்ய விடுங்கள், இருத்தி வைத்தால் அரைவாசிப் பேர் தூங்குவார்கள், அது அவர்களின் பிழையும் இல்லை.

பெயர்கள். ஒரு மட்டையில் வாங்குகளைக் கீறி, யார் எங்கே இருக்கிறார் என்று எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் 40 பெயரும் வாயில் வர வேண்டும்.

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டுப் பொறுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் ஏராளமான விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள், அதற்குள் இன்னொரு பிள்ளையைக் கேட்கிறார்கள், அல்லது தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதையே 3 செக்கனாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 3 செக்கன் சின்ன நேரம் மாதிரித் தெரியும், வகுப்புக்கு முன்னால் நின்று பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று விளங்கும். மனதுக்குள் எண்ணுங்கள், எண்ணும்போது முன் வரிசையைப் பார்க்காமல் பின் வரிசையைப் பாருங்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், “எனக்கு இப்போது தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன்” என்று நேராகச் சொல்லலாம். ஒரு எண்ணைப் பூச்சியத்தால் ஏன் பிரிக்க முடியாது என்று ஒரு பிள்ளை கேட்டு நான் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அடுத்த நாள் பாடம் அதில்தான் தொடங்க வேண்டும், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டும். மறந்துபோனீர்களோ, அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருக்கிறேன், அதுவரை ரியூசன் எடுக்கிறேன், 60 பிள்ளைகள் வரை வருகிறார்கள். பாடசாலையில் படிப்பிக்க இந்த அனுபவம் போதும்தானே? பட்டப்பின் கல்வி டிப்ளோமா வெறும் கடதாசி என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், கிண்ணியா

வஅலைக்கும் ஸலாம் தம்பி. 60 பிள்ளைகள் தேடி வருகிறார்கள் என்றால் உங்களுக்கு விளக்கத் தெரிகிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ரியூசனில் விளங்காத பிள்ளை என்ன செய்கிறது? இரண்டு கிழமை வந்து பார்த்துவிட்டு வராமல் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாடசாலையில் அதே பிள்ளை நாளைக்கும் அதே வாங்கில் வந்து இருக்கும், தவணை முழுக்க இருக்கும், உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆசிரியர் என்று உங்களுக்குச் சம்பளம் தருவது அந்தப் பிள்ளைக்காகவும்தான். அந்தப் பிள்ளையோடு உங்களுக்கு இன்னும் பழக்கமில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ரியூசனை விட்டுப் போன மூன்று பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், கோபமில்லாமல், “எந்த இடத்தில் விளங்காமல் போனது?” என்று கொப்பியைத் திறந்து வைத்துக் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தானே, வீடு கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்த மூன்று கொப்பிகளிலும் உள்ளதை எந்தப் பயிற்சி நெறியிலும் படிக்க முடியாது.

விஞ்ஞானத்தில் ஒரு உதாரணம் சொல்கிறேன். தாவரத்துக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று வயல்காரப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். “ஒளித்தொகுப்பு” என்று பரீட்சைக்கு எழுதுவார்கள், வாயால் கேட்டால் “மண்ணிலிருந்து, பசளையிலிருந்து” என்பார்கள். வாப்பா யூரியா மூட்டையைச் சுமந்துகொண்டு போவதை வருடா வருடம் பார்க்கிற பிள்ளைக்குப் பசளைதான் பயிரின் சாப்பாடு. நீங்கள் ஒளித்தொகுப்பின் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் இரண்டும் அவன் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும், ஒன்றையொன்று சந்திக்காது. முதலில் அவன் நினைப்பை வெளியே எடுத்துக் கரும்பலகையில் எழுதுங்கள், பிழை என்று சொல்லாதீர்கள். பிறகு ஒரு இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் இரண்டு நாள் மூடி வைத்து, அந்த இலையைத் தண்ணீரில் அவித்து, சுடுநீருக்குள் வைத்த அற்ககோலில் நிறம் போக்கி, அயடீன் விட்டுப் பாருங்கள். அற்ககோலைச் சுவாலைக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள், தீப்பற்றும். ஒரே செடி, ஒரே மண், ஒரே பசளை, ஆனால் வெயில் பட்ட பாதி மட்டும் கருநீலமாகும். அது ஏன் என்று அவனையே கேளுங்கள். பசளை எதற்கு என்ற அடுத்த கேள்வியை அவனே கேட்பான்.

டிப்ளோமா வெறும் கடதாசியாவதும் ஆகாததும் படிக்கிறவர் கையில். திறந்த பல்கலைக்கழகத்திலும் தேசிய கல்வி நிறுவகத்திலும் படிக்கலாம், ஆசிரியர் சேவையில் மேலே போகவும் தொழில்சார் தகைமை வேண்டும். ஆனால் நான் படிக்கச் சொல்வது அதற்காக மட்டுமல்ல. கற்பித்தல் பயிற்சியின்போது ஒருவர் உங்கள் வகுப்பின் பின்னால் இருந்து நீங்கள் செய்வதை எழுதிக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் அந்த வாய்ப்பு அதிகம் கிடைக்காது. புள்ளி எத்தனை என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அவர் எழுதிய குறிப்பைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.

நான் புதிதாக நியமனம் பெற்றவன். அடிக்காமல் வகுப்பை அடக்க முடியாது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். பெற்றோரே வந்து “கண் இரண்டையும் விட்டுவிட்டு அடியுங்கோ சேர்” என்கிறார்கள். டீச்சர் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், உவர்மலை

அடிக்காதீர்கள் தம்பி. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது என்பது ஒரு காரணம். எனக்கு வேறு காரணம் இருக்கிறது.

90களில், இடம்பெயர்ந்து வந்து நலன்புரி முகாமில் இருந்த பிள்ளைகள் பலர் என் வகுப்பில் இருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வீட்டுவேலை செய்யாமல் வந்தாள். மூன்றாம் நாள் கையை நீட்டச் சொல்லி அடிமட்டத்தால் ஒன்று போட்டேன். அவள் அழவில்லை, கையை மடக்கிப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு போய் இருந்தாள். அவளோடு கூட முகாமில் இருந்த பிள்ளை பிறகுதான் சொன்னது, அங்கே மூன்று குடும்பத்துக்கு ஒரு விளக்கு, அதுவும் சமையல் முடிந்தால் அணைத்துவிடுவார்கள் என்று. நான் போய் மன்னிப்புக் கேட்டேன், மத்தியானம் என் மேசையில் இருந்து வேலையைச் செய்யச் சொன்னேன், செய்தாள். ஆனால் அந்த வருடம் முடியும் வரை என்னிடம் ஒரு கேள்வி அவள் கேட்கவில்லை. நன்றாகக் கேள்வி கேட்கிற பிள்ளை அவள். அடியால் நான் அடக்கியது அதைத்தான்.

இனி, அடிக்காமல் என்ன செய்வது? வகுப்பில் சத்தம் எப்போது வருகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நீளமாகக் கரும்பலகையில் எழுதும்போது, கொப்பி பகிரும்போது, கெட்டிக்காரப் பிள்ளைகள் வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும்போது, நீங்கள் வகுப்புக்கு 5 நிமிடம் பிந்திப் போகும்போது. இந்த இடைவெளிகள் எல்லாம் நாம் உண்டாக்குபவை, ஆகவே நாமே அடைக்கலாம். வகுப்புக்குள் போனதும் ஒரு சின்னக் கணக்கையோ கேள்வியையோ கரும்பலகையில் எழுதிவிடுங்கள், வந்து இருந்ததும் அதைச் செய்ய வேண்டும் என்பது பழக்கமாகட்டும். முடித்தவர்களுக்கு இரண்டாவது வேலை ஒன்று வையுங்கள். கொப்பி பகிரும் பொறுப்பை வரிசைக்கு ஒரு பிள்ளையிடம் கொடுங்கள், குழப்படி செய்கிற பிள்ளையிடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரு பிள்ளை பேசிக்கொண்டே இருந்தால், அங்கிருந்து பெயரைக் கூப்பிட்டுக் கத்தாமல், பாடத்தைச் சொல்லிக்கொண்டே நடந்து போய் அவன் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் அது போதும். போதாவிட்டால் கொப்பியில் விரலை வைத்து “இந்த வரியைச் செய்” என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். மிச்சத்தை மணி அடித்த பிறகு, மற்றவர்கள் போன பிறகு பேசுங்கள். பார்க்க ஆட்கள் இருந்தால் தரம் 9 பையன் ஒருவனால் பணிந்து போக முடியாது, அது அவனுடைய மானப் பிரச்சினை. விதி மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள், வைத்த மூன்றையும் திங்களும் வெள்ளியும் ஒரே மாதிரிப் பாருங்கள்.

பெற்றோர் அப்படிச் சொல்லி வந்தால், உங்கள் மீது உள்ள நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள், கோபிக்க வேண்டாம். “அடிக்கத் தேவையில்லை அம்மா, இரவு 7 மணியிலிருந்து அரை மணித்தியாலம் டிவியை மட்டும் நிற்பாட்டித் தாருங்கோ” என்று கேளுங்கள்.

டீச்சர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 3ஐயும் 4ஐயும் ஒன்றாகப் பார்க்கிறேன். தரம் 4இல் ஐந்து பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டம். பாடத்திட்டத்தை முடிப்பதா, இவர்களைப் பார்ப்பதா?
– வாசகி, ஈச்சிலம்பற்று

தங்கச்சி, இவர்களைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நீங்கள் முடிக்கிற எந்தப் பாடத்திட்டமும் போய்ச் சேராது.

ஐந்து பேரையும் “வாசிக்கத் தெரியாதவர்கள்” என்று ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒவ்வொருவராகப் பக்கத்தில் இருத்தி, ஒரு சின்னப் பந்தியை வாசிக்கச் சொல்லி, எங்கே தடக்குகிறது என்று எழுதுங்கள். 247 எழுத்தையும் திரும்பத் தொடக்கத்திலிருந்து எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அனேகமாகச் சிக்கல் ஒன்றிரண்டு குறிகளில்தான் இருக்கும். “கொடி” என்ற சொல்லை ஒரு பிள்ளை “கெரடி” என்று வாசித்தது எனக்கு நல்ல ஞாபகம். முன்னால் நிற்கிற கொம்பைப் பார்த்துக் “கெ” என்கிறது, பின்னால் நிற்கிற அரவை (ா) பார்த்து “ர” என்கிறது. இரண்டு பக்கமும் நிற்பது ஒரே குறி என்று அதற்கு யாரும் காட்டவில்லை. பிள்ளை முட்டாள் இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததை ஒழுங்காக வாசித்திருக்கிறது. கொ, கோ இரண்டையும் மட்டும் எடுத்து, மணலில் எழுதி, கொடி, கொக்கு, கோழி, கோயில் என்று நாலு நாள் செய்தோம், சரியாகிவிட்டது.

ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் வேண்டும். அந்த 10 நிமிடம் மற்றவர்கள் தாங்களாகச் செய்யும் வேலையில் இருக்க வேண்டும், அதற்குத்தான் இரண்டு வகுப்பும் ஒன்றாக இருப்பது உதவும்: தரம் 4 பிள்ளை தரம் 3 பிள்ளைக்கு ஈர்க்கிலைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பத்தும் ஒன்றும் காட்டட்டும், அதில் இரண்டு பேருமே படிக்கிறார்கள். வாசிக்கக் கொடுப்பதற்குப் புத்தகப் பாடத்தை விட, பிள்ளை வாயால் சொன்னதை நீங்கள் எழுதிக் கொடுப்பது நல்லது. “எங்கட மாடு கண்டு போட்டிருக்கு” என்று சொன்னால் அதையே அப்படியே பெரிதாக எழுதி, அதையே வாசிக்க விடுங்கள். தான் சொன்ன சொல் என்பதால் பயமில்லாமல் வாசிக்கும். பேச்சுத்தமிழைத் திருத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

மகள் உயர்தரம் எழுதிவிட்டாள். டீச்சராகத்தான் வருவேன் என்கிறாள். எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?
– ஒரு தாய், மூதூர்

அம்மா, கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும், இசட் புள்ளியையும் நேர்முகப் பரீட்சையையும் வைத்து எடுப்பார்கள். எங்கள் மாகாணத்துக்குள் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, வெளியே வவுனியா, யாழ்ப்பாணம், பத்தனை ஸ்ரீபாத. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடநெறியும் இல்லை, அறிவித்தலில் பாடநெறிக்கு நேரே எந்தக் கல்லூரி என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து நிரப்ப வேண்டும். 2 வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. அறிவித்தல் வரும் வரை மகளைச் சும்மா வைத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டில் வாசிக்கக் கஷ்டப்படுகிற ஒரே ஒரு பிள்ளையை மாலையில் அவளிடம் விடுங்கள், காசு வாங்க வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தால் நிம்மதியாக விண்ணப்பிக்கலாம்.

நான் படிப்பிக்கத் தொடங்கி 3 வருடம். நன்றாகப் படிப்பிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பரீட்சைப் பெறுபேற்றைத் தவிர வேறு எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, சாம்பல்தீவு

தங்கச்சி, ஒரு நாள் உங்கள் குரலை மட்டும் போனில் பதிந்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் நீங்களே பேசுகிறீர்கள், கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்பது தெரியும். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள், பிள்ளைகளின் குரலும் அதில் இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை, கடைசி 5 நிமிடத்தில், ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கிழமை படித்ததில் ஒரு கேள்விக்குப் பதிலும், இன்னும் குழப்பமாக இருப்பது எது என்று ஒரு வரியும் எழுதட்டும். இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று கட்டாகப் பிரியுங்கள்: விளங்கியவர்கள், அரைகுறையாக விளங்கியவர்கள், வேறு எங்கேயோ நிற்பவர்கள். மூன்றாவது கட்டு எத்தனை என்று எண்ணுங்கள், ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் வாசியுங்கள், பிழைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். திங்கட்கிழமை அந்தக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், அதிலுள்ள ஒரு பிழையைக் கரும்பலகையில் எழுதி, பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். மூன்று வெள்ளிக்கிழமை இப்படிச் செய்துவிட்டு, அந்தக் கட்டு மெலிந்ததா, அப்படியே இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பேன்.